பாதித் தலையின் வரலாறு

கரும்பலகையில் 'வெறியாட்டு' என்று எழுதிவிட்டு ஒரு அடி பின்னால் வந்து பார்த்தேன். 'றி' இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கண்ணை நகர்த்தினால் 'றி' வந்துவிட்டது, 'யா' போய்விட்டது. நான் பார்க்கும் இடத்திலெல்லாம் ஒரு சிறு குழி விழுந்திருந்தது. முன்வரிசையில் இருந்த மாணவியைப் பார்த்தேன்; அவளுக்கு மூக்கு இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழியின் ஓரத்தில், வெள்ளிக் கம்பியை மடக்கி மடக்கி வைத்ததுபோல் ஒரு கோடு மினுங்கத் தொடங்கியது. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வலது பொட்டில் வலி வந்து உட்காரும். பிறகு குமட்டல். பிறகு வெளிச்சம், சத்தம், சாம்பார் மணம் எல்லாமே அடியாக விழும்.

மீதிப் பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து நடத்தி முடித்தேன். துறைக்குப் போய் மதியத்துக்கு விடுப்பு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'காய்ச்சல்' என்று போட்டேன். இருபது வருடமாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பழமொழி இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கிறது. நடைமுறை வைப்பதில்லை. காய்ச்சலுக்கு ஓர் எண் இருக்கிறது. அடுத்தவர் கழுத்தில் கை வைத்துப் பார்க்கலாம், கருவி வைத்து அளக்கலாம். தலைவலிக்கு அப்படி எதுவும் கிடையாது. சொன்னால்தான் உண்டு, சொல்பவரை நம்பினால்தான் உண்டு. எனக்குப் பதினான்கு வயதில் தொடங்கிய இந்த வலியோடு இத்தனை வருடம் இருந்த பிறகு, இதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மருந்துகளின் வரலாற்றைத் தேடிப் போனவளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நம்பிக்கையின் வரலாறுதான். யாருடைய தலைவலி நம்பப்பட்டது, யாருடையது நம்பப்படவில்லை என்பதன் வரலாறு.

*

அம்மாவுக்கும் இருந்தது. வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. 'தலையைக் கட்டிக்கிட்டா' என்பார்கள், அவ்வளவுதான். பழைய வேட்டித் துணியை நெற்றியில் சுற்றி இறுக்கிக் கட்டி, சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டு, நெல் மூட்டை அடுக்கிய இருட்டறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வாந்தி எடுக்க மட்டும் எழுந்து கொல்லைக்குப் போவாள். பொழுது சாய்ந்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்து காப்பிக்குப் பால் வைப்பாள். "பொழுதோட ஏறுது, பொழுதோட இறங்குது" என்பாள். அதற்கு மேல் விளக்கம் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அப்பத்தா மட்டும் ஒன்று சொல்வார்: "விருந்தாளி வர்ற அன்னிக்குப் பாத்துத்தான் இவளுக்குத் தலை வலிக்கும்." நான் அதை நம்பினேன். அம்மா வேலைக்குப் பயந்து படுத்துக்கொள்கிறாள் என்று சிறுமியாக இருந்தபோது எனக்கும் கோபம் வந்திருக்கிறது.

அப்பத்தா கவனித்தது சரிதான். விருந்து நாளில்தான் வலி வந்தது. அன்றைக்கு அம்மா விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்திருப்பாள். இரண்டு மணி வரை அடுப்படியில் புகையிலும் எண்ணெய்ச் சூட்டிலும் நிற்பாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மீந்ததை வைத்துக்கொண்டு உட்காருவாள். தூக்கம் குறைவது, வேளை தவறிச் சாப்பிடுவது, சூடு, கண்கூசும் வெளிச்சம், கடுமையான மணம் ஆகியவை ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடக்கூடியவை என்று இன்றைக்கு எந்த நரம்பியல் மருத்துவரும் சொல்வார். வெள்ளிக்கிழமை விரதமும் இதில் சேரும். வலிக்கான இயல்பு உடம்பில் இருந்தது. அதைத் தட்டி எழுப்பும் வேலையை வீட்டின் ஒழுங்கு பார்த்துக்கொண்டது. அப்பத்தா நேரத்தைச் சரியாகக் குறித்தார், காரணத்தைத் தலைகீழாகச் சொன்னார்.

*

இந்த வலியைப் பழைய மருத்துவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் இதை 'ஹெமிக்ரேனியா' என்றார். பாதி மண்டை என்று பொருள். அந்தச் சொல்தான் லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய், தேய்ந்து, 'மைக்ரேன்' ஆனது. கப்படோசியா நாட்டு மருத்துவர் அரெட்டியஸ், இந்த நோயாளிகள் வெளிச்சத்தைக் கண்டு ஓடுவதையும் இருட்டை நாடுவதையும் வாழ்க்கையே வெறுத்துப்போவதையும் எழுதிவைத்தார். சுசுருத சம்ஹிதையில் தலை நோய்கள் பதினொன்று. அவற்றில் ஒன்று அர்த்தாவபேதகம், பாதியைப் பிளப்பது. இன்னொன்று சூரியாவர்த்தம்: சூரியனோடு ஏறி, உச்சியில் கடுத்து, சூரியனோடு இறங்குவது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். சம்ஹிதையின் பெயரைக்கூடக் கேட்டிராத அம்மா, அதில் உள்ளதையே நெல்லறையிலிருந்து சொல்லியிருக்கிறாள்.

கிரேக்கம், சமஸ்கிருதம், தமிழ் மூன்றுமே வலியைத் தலையின் ஒரு பக்கத்தில் வைத்துத்தான் பெயரிட்டன. நம் ஒற்றைத் தலைவலியும் அப்படிப் பிறந்த பெயர்தான். நான் பார்த்தவரை இந்தப் பழைய விவரிப்புகள் எதுவும் இதைப் பெண்ணின் குணக்கேடாகச் சொல்லவில்லை.

நம்மிடம் ஒரு தலைவலிக் கதையும் இருக்கிறது. ஓர் அரசனுக்குத் தாங்க முடியாத தலைவலி. தூங்கும்போது மூக்கு வழியாகப் போன தேரை மண்டைக்குள் வளர்ந்துவிட்டது. அகத்தியர் கபாலத்தைத் திறக்கிறார். தேரையை எப்படி எடுப்பது என்று அவர் தயங்கும்போது, சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து சலசலக்க வைக்கிறான். தேரை தண்ணீருக்குள் குதிக்கிறது. சீடனுக்குத் தேரையர் என்ற பெயர் வருகிறது. இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் தேரையரின் சமயோசிதத்தை வியப்பார்கள். எனக்குக் கண்ணில் படுவது வேறு. அரசன் தலை வலிக்கிறது என்று சொன்னான், உடனே நம்பினார்கள். மண்டையைத் திறந்து பார்க்கும் அளவுக்கு நம்பினார்கள்.

*

ஹில்டெகார்ட் 1098இல் பிறந்து 1179இல் இறந்த ஜெர்மானியத் துறவி. மடத் தலைவி, இசையமைத்தவர், இயற்கையையும் மருந்துகளையும் பற்றி எழுதியவர். அவருக்குக் காட்சிகள் தோன்றின. விழும் விண்மீன்கள், சுடர்வட்டங்கள், மதில்கள். அவற்றை 'ஸ்கிவியாஸ்' என்ற நூலாக எழுதினார். அவருடையதாகக் கருதப்படும் மருத்துவ நூலில் ஒற்றைத் தலைவலியைப் பற்றியும் வருகிறது. அது ஏன் ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்றால், தலை முழுவதையும் ஒரே நேரத்தில் பிடித்தால் மனிதரால் தாங்க முடியாது என்று அதில் விளக்கம் இருக்கிறது. வலி வந்து ஓய்ந்த நாட்களில் நான் இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன்; உள்ளுக்குள் ஒப்புக்கொண்டும் இருக்கிறேன்.

1910களில் மருத்துவ வரலாற்றாசிரியர் சார்லஸ் சிங்கர் ஹில்டெகார்டின் காட்சிகளைப் பார்த்து, இவை மைக்ரேனின் அறிகுறிகள் என்றார். 1970இல் ஆலிவர் சாக்ஸ் தன் 'மைக்ரேன்' நூலில் அதை எடுத்துச் சொல்ல, உலகம் முழுவதும் பரவியது. இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் மைக்ரேன் நோயாளி என்றுதான் பலருக்கும் நினைவு வருகிறது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எட்டு நூற்றாண்டுக்கு அப்பாலிருந்து ஒருவருக்கு நோய் கண்டுபிடிப்பது எளிதல்ல என்று கேத்தரின் ஃபாக்ஸ்ஹால் போன்ற வரலாற்றாசிரியர்கள் மறுத்தும் இருக்கிறார்கள். என் ஆதங்கம் வேறு. நோயைப் பற்றி எழுதியவரை நோயாளிப் படுக்கையில் கிடத்திவிட்டோம்.

இதே காட்சிகளை ஆண்கள் கண்டபோது நடந்ததைப் பாருங்கள். 1870இல் ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர், தன் கண்ணுக்குள் தோன்றிய நெளிகோடுகளை நிமிடவாரியாக வண்ணத்தில் வரைந்து, உலகின் பெரிய அறிவியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். அவருடைய தந்தை, அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியும் தனக்கு வந்த காட்சியை முன்பே எழுதியிருந்தார். மகன் அதற்கு மதிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். புறப்பாடல்களில் மதிலின் ஞாயில் என்று படிக்கிறோமே, அதே உருவம்தான், எனக்கும் தெரியும். 1941இல் உளவியலாளர் கார்ல் லாஷ்லி தன் கண்ணுக்குள் அந்தக் கோடு நகரும் வேகத்தைக் கணக்கிட்டு, மூளையின் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்றார். 1944இல் பிரேசில் நாட்டு லியாவோ, விலங்குகளின் மூளையில் அப்படிப் பரவும் ஓர் அலையைக் கண்டுபிடித்தார். அவர்கள் செய்தது அருமையான வேலை. அதனால்தான் என் கரும்பலகையில் எழுத்து ஏன் காணாமல் போகிறது என்று இன்று எனக்குத் தெரிகிறது. ஆனால் தன் கண் கண்டதைச் சான்றாக வைக்கும் உரிமை அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது. 'கண்ணுல பூச்சி பறக்குது' என்று அம்மா சொன்னது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

*

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இந்த வலிக்கு மரியாதை இருந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீட்டுப் பெண்கள் கைப்பட எழுதிய மருந்துக் குறிப்பேடுகளில், பாலாடை, தழும்புகளுக்கான மருந்து ஆகியவற்றின் நடுவே ஒற்றைத் தலைவலிக்கும் பற்றும் பூச்சும் இருக்கும். யாருக்கும் வரக்கூடிய, வைத்தியம் பார்க்க வேண்டிய நோயாகவே அது இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அது மெல்ல மெல்ல 'நரம்புத் தளர்ச்சி உள்ள பெண்மணி'யின் நோயாக, கேலிக்கும் இடமான நோயாக மாறியதை ஃபாக்ஸ்ஹால் 2019இல் வெளியான தன் நூலில் காட்டுகிறார். 1873இல் எட்வர்ட் லிவீங் இதை நரம்புப் புயல் என்று விளக்கிப் பெரிய நூல் எழுதினார். புயல் என்ற சொல் மறந்துபோய், நரம்பு மட்டும் நின்றுவிட்டது.

1937இல் அமெரிக்க மருத்துவர் ஹெரால்ட் உல்ஃப், மைக்ரேன் உள்ளவர்களின் ஆளுமையைப் பற்றி எழுதினார். அவருக்கே மைக்ரேன் இருந்தது. நோயாளிகள் ஒழுங்கு மிக்கவர்கள், லட்சியவாதிகள், எதையும் முழுமையாகச் செய்ய நினைப்பவர்கள் என்றார். பெண் நோயாளிகள் என்று வரும்போது பாலுறவில் நிறைவின்மையும் பட்டியலில் சேர்ந்துகொண்டது. இந்தக் கருத்து எப்படி மருத்துவ நூல்களிலிருந்து மருந்து விளம்பரம் வரைக்கும் இறங்கி வந்தது என்பதைச் சமூகவியலாளர் ஜோஆனா கெம்ப்னர் 2014இல் விரிவாக எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, எனக்கு இருபத்தாறு வயதில் ஒரு மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. என் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டு என் கணவரைப் பார்த்து, "ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும், டென்ஷன் பார்ட்டி" என்று சிரித்தார். சீட்டில் சத்து மாத்திரை இருந்தது. மைக்ரேன் என்ற சொல்லை என் காதில் இன்னொரு மருத்துவர் சொல்ல மேலும் ஐந்து வருடம் ஆனது.

இந்த வலிக்கு 20ஆம் நூற்றாண்டில் முதலில் நன்றாகக் கேட்ட மருந்து எர்கோட்டமின். கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் கதிரில் படரும் ஒரு பூஞ்சையிலிருந்து 1918இல் ஆர்தர் ஸ்டோல் அதைப் பிரித்தெடுத்தார். அளவு தவறினால் கொல்லும் நஞ்சு அந்தப் பூஞ்சை. அதை அளவறிந்து மருந்தாக்கியவர்கள் ஐரோப்பாவின் மருத்துவச்சிகள். பிரசவத்தை விரைவுபடுத்த அதைக் கொடுத்தார்கள். 1582இல் வெளியான ஒரு மூலிகை நூலிலேயே அந்தக் குறிப்பு இருக்கிறது. பெண்களின் கைப்பழக்கத்தில் இருந்த ஒன்று ஆய்வகம் போய், பெயர் மாறித் திரும்பி வந்தது.

*

எண்களைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பருவம் அடையும் முன் சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் மைக்ரேன் ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது. அதற்குப் பிறகு பெண்களிடம் இரண்டு மூன்று மடங்காகிறது. 1972இல் பிரையன் சோமர்வில், மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் அளவு சரிவதே பல பெண்களுக்கு வலியைக் கிளப்புகிறது என்று காட்டினார். கர்ப்ப காலத்தில் பலருக்குக் குறைவதும், மாதவிடாய் நிற்கும் முன்பான தடுமாற்றக் காலத்தில் கூடுவதும், நின்ற பிறகு தணிவதும் இதனால்தான். 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி கர்நாடகத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் இருக்கிறது. உலக அளவில் 15 முதல் 49 வயதுப் பெண்களின் நாட்களை முடக்கும் நோய்களில் இதற்கு முதலிடம் என்று நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது.

1990இல் கோட்ஸ்பியும் எட்வின்சனும், வலி நேரத்தில் கழுத்துச் சிரை வழியாக வரும் ரத்தத்தில் சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்கு கூடுவதைக் கண்டார்கள். 1991இல் சுமாட்ரிப்டான் விற்பனைக்கு வந்தது. சிஜிஆர்பியைத் தடுக்கும் ஊசி மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அளந்து காட்டக்கூடிய ஒன்று கிடைத்த பிறகுதான் 'மனசுல இருக்கு' என்ற பேச்சு மருத்துவத்தில் அடங்கத் தொடங்கியது. கேலனுக்கும் அதற்கும் நடுவே பதினெட்டு நூற்றாண்டு.

படிக்கும் பெண்களுக்கு இரண்டு செய்திகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் ஒளிக்கோடு, குழி தோன்றும் வகை மைக்ரேன் உங்களுக்கு இருந்தால், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். பக்கவாத ஆபத்து கூடும் என்பதால் வேறு வழியைத் தருவார்கள். இன்னொன்று, மாதத்தில் பாதி நாட்கள் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே புதிய தலைவலியை உண்டாக்கும். நான் மூன்று வருடம் அந்தச் சுழலில் இருந்து வெளியே வந்தவள்.

*

தலைவலியைச் சொல்ல ஆங்கிலத்தில் சொற்கள் இல்லையே என்று வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் ஒரு கட்டுரையில் வருந்தினார். தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. குத்தல், குடைச்சல், தெறிப்பு, இடி, பாரம், கிறுகிறுப்பு, விண்விண் என்று தெறிப்பது எல்லாம் நம் வீட்டுப் பெண்களின் அன்றாடச் சொற்கள். 1893இல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் தொடங்கி 1914இல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனத்தின் மணம் எத்தனையோ தலையணைகளில் ஊறிக் கிடக்கிறது. சொல் இருந்தது, மணம் இருந்தது. கேட்பவர்தான் இல்லை.

மறு வாரம் விட்ட இடத்திலிருந்து வெறியாட்டைத் தொடர்ந்தேன். தலைவி மெலிகிறாள். வளை கழல்கிறது. நிறம் மாறுகிறது. தாய் பதறுகிறாள். கட்டுவிச்சி கழங்கு வைத்துக் குறி பார்க்கிறாள். முருகு அணங்கியது என்கிறார்கள். வேலன் வருகிறான், களம் அமைக்கிறான், ஆடுகிறான், ஆட்டுக்குட்டி பலியாகிறது. உண்மைக் காரணம் மலைநாட்டிலிருந்து வந்துபோகும் காதலன். இந்த வெறியாட்டைப் பாடியதாலேயே பெயர் பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார். அகநானூற்றின் 22ஆம் பாட்டு அவருடையது. அதில் தன் உடம்புக்கு நடந்த வைத்தியத்தைத் தலைவியே சொல்கிறாள். வேலனை நினைத்துச் சிரித்துக்கொள்கிறாள்.

"மேம், அந்தப் பொண்ணுகிட்ட யாருமே கேக்கலையா?" என்றாள் முன்வரிசை மாணவி.

"கேக்கலை" என்றேன். இருபது வருடமாக இதை அகத்துறை என்று நடத்தி வந்திருக்கிறேன். ஒரு பெண்ணின் உடம்பைச் சுற்றி நின்று எல்லாரும் பேச, அவள் மட்டும் பேசாமல் இருக்கும் காட்சியாக அதை அன்றுதான் பார்த்தேன். பேசினால் களவு வெளிப்படும் என்பதால் அவள் மறைத்தாள். நான் எதை மறைத்தேன்? இந்த வலியைச் சொன்னால், இவளால் தேர்வுப் பொறுப்பு பார்க்க முடியாது, துறைத் தலைமைக்கு இவள் தாங்கமாட்டாள் என்று ஆகிவிடும் என்ற பயத்தை. காய்ச்சல் என்ற பொய் என்னைக் காப்பாற்றியது உண்மை. அதே பொய், அடுத்து வரும் பெண்ணும் காய்ச்சல் என்றே எழுத வேண்டிய நிலையையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி நின்றாள். தனக்கும் மாதம் இரண்டு முறை வருகிறது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றாள். ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, வலி தொடங்கிய நேரம், தூங்கியது, சாப்பிட்டது, மாதவிடாய் நாள், போட்ட மாத்திரை. மூன்று மாதம் எழுதி, அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொன்னேன். நம் சொல்லுக்கு இல்லாத மதிப்பு நோட்டுக்கு இருக்கிறது.

அடுத்த முறை வலி வந்தபோது விடுப்புக் கடிதத்தில் 'ஒற்றைத் தலைவலி காரணமாக' என்று எழுதினேன். வாங்கிப் பார்த்த அலுவலர், "தலைவலின்னு போட்டிருக்கீங்களே மேம், காய்ச்சல்னு மாத்திடலாமா?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். "இருக்கட்டும்ங்க" என்றேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. ஐம்பத்திரண்டு வயதில் அவள் தலைவலி நின்றுபோனது. நின்றதையும் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நானே பல வருடம் கழித்துத்தான் கேட்டேன். கடிதம் கொடுத்த அன்று இரவு போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தலைவலின்னே எழுதினியா?"

"ஆமாம்மா."

"லீவு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"சாப்பிட்டுட்டு விளக்க அணைச்சுட்டுப் படு" என்றாள்.